வெளியே மைனஸ் 40

கத்திரி தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. அபிராமபுரத்தில், சி.பி. ராமசாமி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், தூங்குமூஞ்சி மரத்து நிழலை நம்பிப் போட்ட தகர ஷெட் அது. அங்கே வந்து நின்ற காரில் ஸ்கேனரைச் செருகிய பையன் திரையைப் பார்த்துத் திகைத்துப் போனான். வெளி வெப்பநிலை என்ற வரிக்கு நேரே மைனஸ் 40 என்று இருந்தது. கழற்றி, ஊதி, மறுபடி செருகினான். மறுபடியும் மைனஸ் 40.

"அண்ணே, ஸ்கேனர் புட்டுக்கிச்சு போல."

மெக்கானிக் திரையைப் பார்க்கவில்லை. காரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பானெட்டின் பெயின்டைவிட பம்பரின் பெயின்ட் கொஞ்சம் கூடுதலாகப் பளபளத்தது.

"சார், பம்பர் எப்ப மாத்தினீங்க?"

"அது ஆச்சு இருபது நாள். ஆழ்வார்பேட்டை சிக்னல்ல ஒருத்தன் ரிவர்ஸ்ல வந்து இடிச்சுட்டான். அதுக்கும் ஏ.சி.க்கும் என்னப்பா சம்பந்தம்?"

பதில் சொல்லாமல் அவர் மண்டியிட்டு, கிரில்லுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். மொச்சைக்கொட்டை அளவு கறுப்பு சென்சார் ஒன்று அதனிடத்தில் பத்திரமாக இருந்தது. அதில் செருக வேண்டிய பிளக் மட்டும் அரை அடி தள்ளித் தொங்கியது. செருகினார். சாவியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார். மைனஸ் 40 போய் 41 வந்தது. நாலு நொடி கழித்து கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்'கென்று பிடித்தது.

கார்க்காரர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அந்த இருபது நாளில் ஓர் இடத்தில் கேஸ் போட்டிருந்தார்கள். இன்னோர் இடத்தில் கம்ப்ரஸரையே மாற்றியிருந்தார்கள். பழைய கம்ப்ரஸர் டிக்கியில், அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. மெக்கானிக் அதைக் கையிலெடுத்து முன்தட்டைச் சுழற்றிப் பார்த்தார். வழுவழுவென்று சுழன்றது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

காரின் கணக்கில் பார்த்தால் அது செய்தது சரி. வெப்பநிலையை அளக்கும் அந்தச் சின்ன சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், குளிர் கூடக் கூட ஏறும். ஒரு வகையில் 25 டிகிரிக்கு சுமார் 1.7 கிலோ ஓம் காட்டினால், 40 டிகிரிக்கு ஒரு கிலோ ஓமுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஒயரே கழன்றுவிட்டால் மின்தடை அளவிட முடியாத உயரத்துக்குப் போய்விடுகிறது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஒரே அர்த்தம், வெளியே கடுங்குளிர் என்பதுதான். அந்தக் குளிரில் கம்ப்ரஸரை ஓட்டினால் ஆயில் இறுகி அது வீணாகும். அதனால் ஓட்ட மறுத்தது. மே மாதத்து ஆழ்வார்பேட்டையில் அந்தக் கார் பனிப்பாலைவனத்தில் நிற்பதாக நம்பி, தன் கம்ப்ரஸரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கும் அவர், புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். அவர் கைக்கு வரும் ஆட்டோ ஏ.சி. கார்களில், குளிர வைக்கிற பாகம் கெட்டுப்போய் வருவது ஒரு பக்கம். குளிர வைக்கச் சொல்கிற மூளைக்குத் தப்பான சேதி போய், அது நியாயமாகவே தப்பு முடிவெடுத்து வருவது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பக்கம் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஷெட்டுக்கு வருகிறவர்கள் வாயில் வருவதோ ஒரே வாக்கியம்: "கேஸ் கம்மியா இருக்கும், கொஞ்சம் போட்டு விடுங்க."

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் அந்த வாக்கியத்துக்கு மதிப்பு இருந்தது. அம்பாசடரில் டேஷ்போர்டுக்குக் கீழே தனியாகத் தொங்கும் பெட்டிதான் ஏ.சி. ஒரு குமிழ் குளிருக்கு, இன்னொன்று காற்றுக்கு. நீளமான ரப்பர் ஹோஸ், கையால் முறுக்கிய நட்டு, வருஷத்துக்கொரு கசிவு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவைத் தயாரிக்கத் தொடங்கி, மறைமலை நகரில் ஃபோர்டு ஐகானும் வந்த பிறகு, ஏ.சி. என்பது காரோடு பிறந்த உறுப்பாயிற்று. பிறகு குமிழுக்குப் பதில் எண் வந்தது. பெரிய செடான்களில் இருந்து சின்ன கார்களின் உயர் ரகங்களுக்கும் அது இறங்கி வந்தது. உலகத்தில் இது பழைய சங்கதி. காருக்குள் குளிர்சாதனத்தை அமெரிக்காவின் பக்கார்டு கம்பெனி 1940 மாடலில் விற்றது, டிகிரியைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும் வசதியை காடிலாக் 1964இல் கொடுத்தது. அபிராமபுரத்துக்கு அது வந்து சேர நாற்பது வருஷம் ஆயிற்று.

திரையில் 24 என்று வைத்தால் என்ன நடக்கிறது? துவாரத்திலிருந்து 24 டிகிரி காற்று வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வெயிலில் நின்ற காரில் முதலில் 7, 8 டிகிரிக் காற்று புயல்போல வரும். உட்புறம் 24ஐ நெருங்கியதும் ப்ளோயர் தணியும், காற்றின் குளிரும் குறையும். குறைப்பது எப்படி என்றால், கூலிங் காயிலைக் கடந்து வந்த காற்றில் ஒரு பங்கைத் திருப்பி, என்ஜின் வெந்நீர் ஓடும் ஹீட்டர் வழியாக அனுப்பிக் கலந்து. "சென்னையில ஹீட்டர் எதுக்கு?" என்று சிரிக்கிற அத்தனை பேரும், ஆட்டோ ஏ.சி. கார் வைத்திருந்தால் அதை வருஷம் முழுக்கத் தெரியாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவு கலப்பது என்பதை ஒரு பிளாஸ்டிக் கதவு தீர்மானிக்கிறது. அதை அசைப்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மோட்டார். அந்த மோட்டாருக்குள் நைலான் பல்சக்கரங்கள். ஒரு பல் உடைந்தால் போதும்: சாவியைப் போட்டதும் டேஷ்போர்டுக்குள் பல்லி மாதிரி 'டிக் டிக்' சத்தம், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கதவு இருக்கும் காரில் டிரைவருக்குச் சில்லென்றும் பக்கத்தில் இருப்பவருக்கு வெதுவெதுப்பாகவும் காற்று. கேஸுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கேஸைப் பற்றி அவருக்கு ஒரு கோபம் உண்டு. அது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பண்டம் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வருஷா வருஷம் கணிசமாகக் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தைக் கிணற்றடியில் வைத்து நிரப்புகிற வேலை. இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியலில் ஏற்பட்ட ஒப்பந்தம் பழைய ஆர்-12ஐ ஓரங்கட்டியது. அதன் இடத்துக்கு வந்த இது ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைப்போல 1,430 மடங்கு. ஒரு சின்ன காரின் 400 கிராமைக் காற்றில் திறந்துவிட்டால், 570 கிலோ கார்பன் டை ஆக்ஸைடை விட்டதற்குச் சமம். "புஸ்ஸுனு விட்டுட்டு புதுசா போடுவோம்" என்று எந்தப் பையனாவது வால்வைத் தொட்டால், அந்த ஷெட்டில் அன்றைக்குச் சத்தம் கேட்கும்.

கேஜை மாட்டுவதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. தெரிந்தே செய்பவர்களும் உண்டு, தெரியாமல் செய்பவர்களும் உண்டு. என்ஜின் ஓடாத காரில் கேஜை மாட்டினால் 30 டிகிரி சூட்டில் சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும், 35 டிகிரியில் சுமார் 114. உள்ளே 200 கிராம் இருந்தாலும் அதே எண், 500 கிராம் இருந்தாலும் அதே எண். திரவமாகக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறவரை அந்த முள் சொல்வது சூட்டை மட்டும்தான், அளவை இல்லை. சமையல் சிலிண்டரிலும் இதே கதைதான். கடைசிப் படி வரை அடுப்பு ஒரே மாதிரி எரிந்து, திடீரென்று அணையும். அதனால்தான் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம். கார் கேஸையும் நிறுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மொத்தமாக உறிஞ்சி எடுத்து எடை பார்த்து, பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்ட கிராமைத் திருப்பி ஏற்ற வேண்டும். கூடுதலாகப் போனால் கூடுதல் குளிர் கிடையாது. ஹை சைடு பிரஷர் எகிறி, பிரஷர் சென்சார் பயந்து கம்ப்ரஸரை நிறுத்திவிடும். இதற்குப் பிறகும் குளிரவில்லை என்று மறுபடி கேஸ் போடுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

எனவே அவர் கேஜைக் கடைசியில்தான் எடுப்பார். முதலில் கேள்வி. எப்போது குளிரவில்லை, காலையிலா மதியமா? நிற்கும்போதா ஓடும்போதா? முன்னாடியா பின்னாடியா? பேட்டரி மாற்றினீர்களா, ஸ்டீரியோ போட்டீர்களா, கண்ணாடி மாற்றினீர்களா? அப்புறம் காரில் ஏறி உட்கார்ந்து லஸ் வரை போய், மந்தைவெளி வழியாகத் திரும்புவார். நடுத் துவாரத்தில் ஒரு தெர்மாமீட்டர், மூக்குக்கு நேரே இன்னொன்று. ரேடியோவை அணைத்துவிடுவார். அந்த இருபது நிமிஷத்தில் பாதி நோய் தானாகப் பேசிவிடும் என்பது அவர் அனுபவம்.

ஒரு மார்கழியில் அப்படித்தான் ஒரு கார் வந்தது. வீட்டுப் பெரியவரைத் தினமும் சபாவுக்குக் கூட்டிப்போகிற மகள், "26 வச்சாலும் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு. அப்பா சால்வை போர்த்திண்டு கச்சேரிக்கு வர்றார்" என்றார். குளிரவில்லை என்று வருவார்கள். குளிர் தாங்கவில்லை என்று வருவது அபூர்வம். லஸ் முனைக்குப் போவதற்குள் மூக்குக்கு நேரே இருந்த தெர்மாமீட்டர் 21 காட்டியது. ஸ்கேனரில் உள் வெப்பநிலை 34. இரண்டில் ஒன்று பொய்.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பல கார்களில் விரல்நகம் அளவு சின்ன கம்பித்துவாரம் ஒன்று இருக்கும். மைக் என்று நினைப்பார்கள். அதற்குப் பின்னால்தான் உள் வெப்பநிலை சென்சார். காற்று அதன்மேல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அறையின் சூட்டை அது சரியாகச் சொல்லும். அதற்காக ப்ளோயர் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, அந்தத் துவாரத்தின் வழியே காற்றை லேசாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். அவர் டிஷ்யூ பேப்பரில் ஒரு துணுக்கைக் கிழித்து, ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, துவாரத்தின்மேல் வைத்தார். ஒட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கிட்டே பிடித்தார். புகை உள்ளே போகாமல் நேரே கூரைக்குப் போயிற்று.

கீழ்ப் பேனலை இறக்கியதும் தெரிந்தது. புது ஸ்டீரியோவுக்கு ஒயர் இழுத்தவர்கள் கை பட்டு அந்தக் குழாய் கழன்று தொங்கியது. காற்றோட்டம் இல்லாத சென்சார், வெயிலில் காய்ந்த டேஷ்போர்டின் சூட்டையே அறையின் சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தது. 34 டிகிரியை 26 ஆக்கப் பாடுபட்டுப் பெரியவரை நடுங்க வைத்தது ஏ.சி. குழாயைச் செருகி, சின்ன கிளிப் போட்டார். பேப்பர் துணுக்கு துவாரத்தில் போய் ஒட்டியது.

பையன்களுக்கு ஊதுபத்தி வைத்தியம் ரொம்பப் பிடித்துப்போய், கொஞ்ச நாள் எல்லாக் காரிலும் கொளுத்தினார்கள்.

ஐஸ் டம்ளர் இன்னொரு வைத்தியம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி பாண்டிச்சேரி போகிற ஒருவர் வந்தார். திருவான்மியூரில் பிரமாதமான குளிர். உத்தண்டி தாண்டியும் அப்படியே. கல்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் காற்று மெதுவாகக் குறைந்து, ப்ளோயர் கத்துகிறதே தவிர துவாரத்தில் ஒன்றும் வராது. டீக்கு நிறுத்தி அரை மணி கழித்துக் கிளம்பினால் மறுபடி பிரமாதம். காருக்கு அடியில் மட்டும் குளம்போலத் தண்ணீர். ப்ளோயர் மோட்டாரை மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

கேட்டவுடனேயே அவருக்குப் புரிந்தது. கூலிங் காயில் பனிக்கட்டியாக உறைந்து, காற்றுப் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்கிறது. கடற்கரைச் சாலையின் ஈரக் காற்றுக்கு உறைவதற்குத் தண்ணீர் பஞ்சமே இல்லை. உறையாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே காயிலின் தகடுகளுக்கு நடுவே ஒரு சென்சார் செருகியிருக்கும். காயில் உறைநிலையை நெருங்கினால் அது சொல்லும், கம்ப்ரஸர் ஓய்வெடுக்கும். கிளவ் பாக்ஸைக் கழற்றி அந்த சென்சாரை உருவினார். முனையில் இருந்த ஜூஸ் கடையிலிருந்து ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் வாங்கி வரச் சொன்னார். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது பூஜ்ஜியம் டிகிரி. எந்தக் கம்பெனியின் மீட்டரும் இந்த டம்ளரைவிடத் துல்லியமில்லை. சென்சாரை அதில் முக்கி மல்டிமீட்டரைப் பிடித்தார். ஓம் கணக்கை அட்டவணையோடு ஒப்பிட்டபோது, பூஜ்ஜியத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த சென்சார் நாலு டிகிரி என்று சொன்னது. நாலு டிகிரிப் பொய். அதை நம்பிய கம்ப்யூட்டர், காயில் நிஜத்தில் உறைநிலைக்குக் கீழே போன பிறகும் கம்ப்ரஸரை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஊருக்குள் ஓடும்போது உறைய நேரமில்லை. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால் ஒரு மணி நேரம் போதும்.

அந்த ஈரக் காற்றைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். டெல்லியில் 42 டிகிரியில் ஜோராக வேலை செய்த கார் மாற்றலாகி சென்னைக்கு வந்து 36 டிகிரியில் திணறுகிறது என்று சொல்லி வருவார்கள். காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு மணி நேரத்தில் பிழிந்தெடுக்க மட்டும் சுமார் 680 வாட் குளிர்ச்சி செலவாகிறது. வீட்டில் மாட்டும் ஒரு டன் ஏ.சி.யின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு. அறையைக் குளிர வைப்பது அதற்கு மேல். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் கதவு ஒரு விரல் அளவு திறந்தே நின்றுவிட்டால், கார் மெரினாவின் ஈரத்தை முழுக்கப் பிழிந்துகொண்டே போக வேண்டியதுதான். இலை உதிரும் மரங்களுக்குக் கீழே நிறுத்துகிற இந்தப் பக்கத்துக் கார்களில் அந்தக் கதவின் சந்தில் வேப்பங்குச்சி, கொன்றைப் பூ, சில சமயம் எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு எல்லாம் கிடைக்கும். ஒரு காரின் ஏ.சி. ஃபில்டருக்கு மேல் முழு எலிக்கூடு இருந்தது. அந்த வீட்டுக் குழந்தை ஒரு மாதமாகத் தும்மிக்கொண்டிருந்தது.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் தண்ணீரும் மழையும் சேர்ந்து அடையாற்றில் வந்தபோது, கோட்டூர்புரம் பக்கத்துக் கார்கள் கூரை வரை மூழ்கின. அந்த வாரம் இழுத்து வந்தவற்றைச் சேறு கழுவி, ப்ளோயர் மோட்டாரைப் பிரித்துக் காயவைத்து ஓட்டியும் காட்டினார்கள். உண்மையான வேலை நாலைந்து மாதம் கழித்துத்தான் வந்தது. டேஷ்போர்டுக்குள் பிளக்குகளின் செம்பு முனைகள் பச்சை பூத்து, ஒவ்வொரு சென்சாராகத் தப்புக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தது. முழுதாக அறுந்த ஒயர் நல்லது; ஸ்கேனர் காட்டிக்கொடுத்துவிடும். பச்சை பூத்த முனை அப்படியில்லை. கூடுதலாக ஒரு மின்தடையை நடுவில் சேர்த்து, எல்லாச் சூட்டையும் ஐந்தாறு டிகிரி குறைத்துச் சொல்லும். எண் நம்பும்படியாகவே இருக்கும். எந்தக் கோளாறு எண்ணும் வராது. அந்தக் கோடையில் அவர் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, மல்டிமீட்டரின் ஊசி முனையில் கண்ணை வைத்தே கழித்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் கார்கள் வந்தபோது, கோடை வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சேறு கழுவும்போதே பிளக்குகளை எல்லாம் பிரிக்கச் சொல்லிவிட்டார்.

ஸ்கேனர் சொல்வதை அப்படியே நம்பினாலும் தப்பு. டொயோட்டாவின் பல பழைய மாடல்களில் ஸ்கேனரே வேண்டாம். ஆட்டோ பட்டனையும் உள்காற்றுச் சுழற்சி பட்டனையும் சேர்த்து அழுத்தியபடி சாவியைப் போட்டால், ஏ.சி. திரையே தன் கோளாறு எண்களைச் சொல்லும். 11 உள் சென்சார், 12 வெளி சென்சார், 13 காயில் சென்சார், 21 வெயில் சென்சார். ஷெட்டில் சேர்ந்த புதிதில் ஒரு பையன் அப்படி அழுத்தி 21 வந்ததைப் பார்த்துவிட்டு, ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டு வெயில் சென்சார் விலை கேட்டுக்கொண்டிருந்தான். அவர் போனை வாங்கி வைத்துவிட்டு, காரைத் தெருவுக்குத் தள்ளச் சொன்னார். மர நிழல் விலகிய இடத்தில் அதே பட்டன்களை அழுத்தியதும் 21 மறைந்துவிட்டது. இருட்டில் சோதித்தால் சென்சார் நன்றாக இருந்தாலும் அந்த எண் வரும் என்று கம்பெனி கையேட்டிலேயே போட்டிருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே வெயிலைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

இந்த வேலையில் அவருக்குத் தீராத ஒரு வருத்தம், கண்டுபிடிப்பதற்கு யாரும் காசு கொடுக்க விரும்புவதில்லை என்பது. கம்ப்ரஸர் மாற்றினால் பெட்டியைக் காட்டி பில் கொடுக்கலாம். பிளக் செருகியதற்கு? "ரெண்டு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று கேட்பார்கள். அதனால் பார்க்கிற கூலி தனி, மாற்றுகிற கூலி தனி என்று ஷெட்டின் சுவரில் எழுதியே வைத்துவிட்டார். எதையும் மாற்றாமல் அனுப்பிய கார்களுக்கும் முதல் கூலியை வாங்குகிறார். வாங்காவிட்டால் தேவையில்லாமல் எதையாவது மாற்றத் தோன்றும் என்கிறார். பல ஷெட்டுகளில் நல்ல கைகள் பார்ட் மாற்றும் கைகளாகப் போனது இப்படித்தான் என்பது அவர் எண்ணம். அதில் நியாயம் இருக்கிறது.

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு மேல், எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா டிரைவரோடு வந்தார். "காத்தால நன்னாத்தான் இருக்கு. மத்தியானம் டாக்டர்கிட்ட போறச்சே முகத்துல அனல் அடிக்கறது. அதே 24தான் போட்டிருக்கு. ரெண்டு தரம் கேஸ் அடைச்சாச்சு."

காலையில் சரி, மதியம் சரியில்லை. மெக்கானிக்கின் கண் நேரே முன்கண்ணாடிக்கு அடியில் போயிற்று. டேஷ்போர்டின் நடுவில், குட்டி வெல்வெட் மெத்தைமேல் பித்தளைப் பிள்ளையார். காய்ந்த அருகம்புல், குங்குமம். அந்த மாடலில் வெயில் சென்சார் சரியாக அந்த இடத்தில்தான், பொத்தான் அளவில் இருக்கும். மேலே விழும் வெயிலின் அளவைச் சொல்வது அதன் வேலை. வெயில் அடித்தால், அறைக் காற்று 24 ஆனாலும் முகத்திலும் கையிலும் சூடு ஏறும் என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் காற்றைக் கூட்டி, குளிரையும் இரண்டு மூன்று டிகிரி அதிகமாக்கும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, சென்னை மதியத்தில் இந்தக் கணக்கு இல்லாமல் முடியாது. இந்தக் காருக்கோ எப்போதும் ராத்திரிதான்.

"அம்மா, பிள்ளையாரை நாலு விரல் தள்ளி வைக்கணும்."

அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப ராகு காலம். நாலரைக்கு மேல வைக்கலாம்."

அவர் தலையாட்டிவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார். பையன் டீ வாங்கி வந்தான். நாலரைக்கு அந்த அம்மாவே பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்தார். மெத்தையின் பழைய பசையை அவர் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். அடியிலிருந்து கறுப்புப் பொத்தான் வெளியே வந்தது. இடது ஓரத்தில், ஏர்பேக் மூடிக்கும் துவாரத்துக்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்துப் பிள்ளையாருக்குப் புது இடம் ஆயிற்று. ஆனால் வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது, சோதிக்க முடியாது. நாளை இரண்டு மணிக்கு வரச் சொன்னார்.

மறுநாள் நடுத்தெருவில், சுள்ளென்ற வெயிலில் காரை நிறுத்தினார்கள். ஆட்டோ, 24. பத்து நிமிஷம் ஓடவிட்டு, அவர் உள்ளங்கையால் அந்தப் பொத்தானை மூடினார். ஸ்கேனரில் வெயில் என்ற வரி பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ப்ளோயர் சத்தமும் தணிந்தது. கையை எடுத்தார். காற்று மெல்ல மெல்ல ஏறி, துவாரத்துத் தெர்மாமீட்டர் 11இலிருந்து 8க்கு வந்தது.

பின் சீட்டிலிருந்த அந்த அம்மா கதவைத் திறந்து இறங்கி, முன் சீட்டுக்கு வந்தார். எட்டி, தன் கையைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து ப்ளோயரைக் கேட்டார். அது அடங்கியதும் கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.